விழித்திரையின் குருதிக்குழாய்களும் பெண்களின் இதயமும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

"பெண்களின் சுகநலம் பற்றி ஏதாவது பேசுங்கோ" என்று சங்கத்தினர் கேட்டார்கள். அந்தத் தலைப்பில் வழக்கமாகச் சொல்லப்படுபவற்றை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆகவே இன்று வேறு பக்கத்தால் வருவோம். கண்ணைப் பார்த்து இதயத்தைப் பற்றி என்ன அறியலாம், அதிலும் பெண்ணின் இதயத்தைப் பற்றி என்ன அறியலாம் என்பதே விடயம்.

ஏ.எல் உயிரியல் படித்தவர்களுக்கு முடியுரு நாடி என்ற சொல் நினைவிருக்கும். பெருநாடி இதயத்தை விட்டுப் புறப்பட்டவுடன் பிரியும் முதற் கிளைகள் அவை. இதயத் தசைக்கே குருதி கொடுப்பவை. பெரிய முடியுரு நாடி ஒன்றின் உட்புறம் ஏறக்குறைய 3 முதல் 4 மில்லிமீற்றர் வரை, அதாவது போல்பொயின்ற் பேனாவின் ரீபில் அளவு. அதில் கொழுப்புப் படிந்து அடைத்தால் மாரடைப்பு. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்தப் பெரிய நாடிகள் கிளைவிட்டுக் கிளைவிட்டு, அரை மில்லிமீற்றரிலும் குறைந்த புன்னாடிகளாகித் தசைக்குள் இறங்குகின்றன. அஞ்ஜியோகிராம் படத்தில் பெரிய குழாய்கள் தெரியும். இந்தப் புன்னாடிகள் தெரியா. ரீச்சர் கரும்பலகையில் கீறிய படத்திலும் அவற்றுக்கு இடம் கிடைக்கவில்லை என்றுதான் நினைவு.

புன்னாடிகளை உயிரோடு, குருதி ஓடிக்கொண்டிருக்கையில், ஊசியோ கத்தியோ இல்லாமல் பார்க்க நம் உடலில் மிக வசதியான இடம் விழித்திரை. கண்மணி ஒரு யன்னல் மாதிரி. அதற்குள் சரியான விதத்தில் வெளிச்சம் விட்டால் பின்சுவரில் செம்மஞ்சள் நிறத் திரையும், பார்வை நரம்பு நுழையும் இடத்திலிருந்து நாற்புறமும் கிளைவிடும் நாடிகளும் நாளங்களும் தெரியும். அவை தலைமுடியைவிடச் சற்றே தடித்தவை.

அந்த யன்னலைத் திறந்தவர் ஜேர்மனியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ். கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை 1851இல் வெளியிட்டார். அதே காலத்தில் மானிப்பாயில் டொக்டர் கிறீன் நோயாளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாளில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இதைச் சொல்லக் காரணம், இந்த உரையைத் தமிழில் வைத்ததைச் சிலர் ஆச்சரியமாகக் கேட்டார்கள். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, இந்த மண்ணில் அது பழைய வழக்கம்.

கண்ணுக்குள் பார்க்க முடிந்ததும் வைத்தியர்கள் அங்கே சிறுநீரக நோயையும் குருதியமுக்கத்தையும் காணத் தொடங்கினார்கள். 1890களில் மார்க்கஸ் கன் என்ற ஸ்கொட்லாந்துக் கண் வைத்தியர் ஒரு நுட்பமான அடையாளத்தை விவரித்தார். விழித்திரையில் நாடியும் நாளமும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடங்களில் இரண்டுக்கும் ஒரே உறைதான். நாடியின் சுவர் தடித்து இறுகினால், பக்கத்திலிருக்கும் மெல்லிய நாளத்தை அது நசுக்கிவிடும். பார்ப்பவருக்கு அந்த இடத்தில் நாளம் கிள்ளி எடுத்தது போல் இருக்கும். நீண்டகாலப் பிரஷர் ஆறுதலாக எழுதிவைத்த குறிப்பு அது. சில வேளை அதே இடத்தில் நாளம் அடைபட்டு, ஒரு காலையில் பார்வையின் ஒரு பகுதி மங்கிப்போய் ஆள் எழும்புவதும் உண்டு.

1939இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த மூவர், கீத், வாகனர், பார்க்கர், உயர் குருதியமுக்க நோயாளரைக் கண்ணின் தோற்றத்தையும் கொண்டு நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். நாடிகள் சற்று ஒடுங்கியது முதற் குழு; குருதிக் கசிவும் பார்வை நரம்பின் வீக்கமும் உள்ளது நான்காவது. மூன்று ஆண்டுகளின் பின் முதற் குழுவில் 100க்கு 70 பேர் உயிரோடிருந்தார்கள். நான்காவதில் 6 பேர். பிரஷருக்குச் சரியான குளிசை இல்லாத காலம். இந்த மண்டபத்திலுள்ள மூத்த அக்காமாரின் தாய்மார் பள்ளிக்கூடம் போன காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று நூறு ரூபாய்க் குளிசையைத் "தலையிடி இல்லைத்தானே" என்று நாமாகவே நிற்பாட்டும்போது இந்த 6 என்ற எண்ணை நினைத்துப் பார்க்கலாம்.

இனி முக்கியமான பகுதி. அமெரிக்காவில் நான்கு பிரதேசங்களில் சாதாரண மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் 1993 முதல் 1995 வரை விழித்திரைப் படங்களும் எடுத்தார்கள். நாடி எவ்வளவு அகலம், நாளம் எவ்வளவு அகலம் என்று கணினியில் அளந்தார்கள். இதய நோய் இல்லாத 51 முதல் 72 வயது வரையான 9,648 பேரைச் சராசரி மூன்றரை ஆண்டுகள் பார்த்தபின், 2002இல் முடிவு வெளிவந்தது. நாளத்தோடு ஒப்பிடுகையில் நாடி ஒடுங்கியிருந்த பெண்களுக்கு முடியுரு நாடி நோய் கூடுதலாக வந்திருந்தது. குருதியமுக்கம், நீரிழிவு, கொலஸ்ரரோல், புகைத்தல் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு மிஞ்சியது. ஆண்களில் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை.

2009இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் இதே வேறுபாடு நின்றது: ஒடுங்கிய புன்னாடியும் அகன்ற புன்னாளமும் பெண்களிலேயே இதய நோயை முன்கூட்டிக் காட்டின.

ஏன் பெண்களில் மட்டும்? முழு விடை இன்னும் இல்லை. ஆனால் நல்ல ஊகம் ஒன்று இருக்கிறது. ஆணுக்கு இதய நோய் பெரும்பாலும் பெரிய குழாயில் அடைப்பாக வருகிறது. பெண்களில் கணிசமானோருக்குப் பெரிய குழாய் திறந்தே இருக்க, தசைக்குள் இருக்கும் புன்னாடிகள் வேண்டிய நேரத்தில் விரிய மறுக்கின்றன. கண்ணின் புன்னாடியும் இதயத்தின் புன்னாடியும் ஒரே பிரஷரை, ஒரே சீனியை, ஒரே கொழுப்பை வருடக்கணக்காகத் தாங்கியவை. ஒன்றின் நிலை மற்றதன் நிலையைக் காட்டுவதில் வியப்பில்லை.

இதனால்தான் எங்கள் கிளினிக்குகளில் திரும்பத் திரும்ப ஒரே கதை. ஐம்பத்தைந்து வயது. படி ஏறினால் நெஞ்சு இறுகுகிறது, மூச்சு வாங்குகிறது. முதலில் காஸ் என்று இஞ்சித் தண்ணி. பிறகு ஈ.சி.ஜி. கடைசியில் அஞ்ஜியோகிராம், அடைப்பு இல்லை. "ஒண்டும் இல்லை அம்மா, யோசியாதேங்கோ" என்று அனுப்புகிறார்கள். வீட்டிலும் "டொக்டரே ஒண்டும் இல்லை எண்டு சொல்லிப்போட்டார்" என்று பேச்சு முடிகிறது. ஆனால் நெஞ்சு இறுக்கம் முடிவதில்லை. பெரிய குழாயில் அடைப்பு இல்லை என்பதும் இதயம் சுகம் என்பதும் வேறு வேறு. இப்படிப்பட்டவர்களுக்கு மருந்து உண்டு. பிரஷரும் கொலஸ்ரரோலும் நீரிழிவும் இன்னும் இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட வேண்டும். "அப்படியானால் எனக்கு ஏன் நோகிறது?" என்று மறுபடி கேளுங்கள். நம் கல்லூரியில் கேள்வி கேட்கப் பழக்கினார்களே, வைத்தியர் முன்னால் மட்டும் அது எங்கே போகிறதோ தெரியாது.

பெண்களுக்கும் மாரடைப்பில் நெஞ்சுநோதான் அதிகம் வரும். "பெண்களுக்கு நெஞ்சு நோகாது" என்று வட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பவேண்டாம். அதோடு கூடவே தாடையில், முதுகில், கையில் நோ, சத்தி, என்றுமில்லாத களைப்பு என்பனவும் பெண்களில் கூடுதலாகச் சேர்ந்து வரும். அதனால்தான் குழம்புகிறது.

விழித்திரைக்குத் திரும்புவோம். படத்தைப் பார்த்து முடியுரு நாடியில் அடைப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. சுத்தமான விழித்திரை உள்ளவருக்கும் மாரடைப்பு வரும். 2018இல் கூகிள் ஆய்வாளர்கள் ஏறக்குறைய 284,000 பேரின் விழித்திரைப் படங்களைக் கணினிக்குக் கற்பித்தார்கள். அது படத்தை மட்டும் பார்த்து, ஆணா பெண்ணா, ஏறத்தாழ எத்தனை வயது, புகைப்பவரா என்றெல்லாம் சொன்னது. ஆணா பெண்ணா என்பதை அப்படிப் பார்த்துச் சொல்லக் கண் வைத்தியர்களாலேயே முடியாது! ஆனால் மாரடைப்பு போன்றவற்றை முன்கூட்டிச் சொல்வதில், வயதும் பிரஷரும் கொலஸ்ரரோலும் கொண்டு நாங்கள் கணிக்கும் பழைய முறையை அது மிஞ்சவில்லை. ஆகவே கண் படம் ஒன்றால் இதயத்தைச் சொல்கிறோம் என்று யாராவது காசு கேட்டால், அந்தக் காசுக்கு நல்ல பிரஷர் கருவி ஒன்று வாங்குங்கள்.

கண் பார்த்தவர் "குழாய்கள் ஒடுங்கியிருக்கு, பிரஷரைப் பாருங்கோ" என்று எழுதித் தந்தால் அந்தத் துண்டு மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடக்கூடாது. பிரஷர் இன்னும் கூடாதவர்களிலும் ஒடுங்கிய நாடிகள் பின்னால் பிரஷர் வரப்போவதைக் காட்டியிருக்கின்றன. நீரிழிவுக்காரருக்கு விழித்திரையில் குருதிக் கசிவு தொடங்கியிருந்தால் அது கண்ணின் பிரச்சினை மட்டும் என்று எண்ணக்கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு இதய நோயும் கூடுதலாக வருகிறது. லேசர் செய்து முடிந்ததென்று விடாமல், சீனியும் பிரஷரும் பார்க்கும் வைத்தியரிடம் அந்தச் செய்தி போய்ச்சேர வேண்டும். இரண்டு கிளினிக்கும் வேறு வேறு நாளில், வேறு வேறு கொப்பியில் நடப்பதால் கொண்டுபோக வேண்டியவர் நீங்கள்தான்.

இன்னொரு விடயம், அநேகமாக யாரும் கேட்பதில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது உங்களுக்குப் பிரஷர் கூடியதா? சீனி கூடியதா? மாதவிடாய் 40 வயதுக்கு முன்னரே நின்றுவிட்டதா? முப்பது வருடத்துக்கு முந்தியதாக இருந்தாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள். பிற்கால இதய நோய்க்கு இவை ஒவ்வொன்றும் காரணமாகச் சேரும். அமெரிக்க இதய வைத்தியர்களின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டலில் பேறுகாலப் பிரஷரும், மாதவிடாய் முன்கூட்டியே நிற்பதும், தெற்காசியர் என்ற பிறப்பும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. அந்தக் கடைசிக் காரணம் இங்குள்ள எல்லோருக்கும் பொருந்தும், ரொறன்ரோவில் இருந்தாலும் சிட்னியில் இருந்தாலும்.

இங்கிலாந்தில் இருப்பவர்களில் 12 வயதுக்கு மேற்பட்ட நீரிழிவுக்காரரை விழித்திரைப் படத்துக்குக் கடிதம் போட்டு அழைப்பார்கள். அதைத் தவறவிடாதீர்கள். இங்கே உள்ளவர்களுக்கு அப்படிக் கடிதம் வராது. நீரிழிவு கிளினிக்கில் நாமே கேட்டு வாங்க வேண்டும். 35 வயதைத் தாண்டிய தங்கைமார் எம்.ஓ.எச் பிரிவின் பெண்களுக்கான கிளினிக்குக்குப் போனால் பிரஷர் இலவசமாகப் பார்ப்பார்கள். கண்ணுக்குள் விடும் துளி கண்மணியை விரிப்பதால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெயில் கூசும். வாகனம் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

மண்டப வாசலில் பிரஷர் பார்க்க இரண்டு மேசை போட்டிருக்கிறோம். வைத்தியர்களாக இருக்கும் நம் மாணவிகள் ஐந்து பேர் மத்தியானம் வரை நிற்பார்கள். வரிசையில் ஆசிரியைகளுக்கு முதலிடம். தேநீர் குடித்து அரைமணி நேரம் கழித்து வாருங்கள், சூடாகக் குடித்த கையோடு பார்த்தால் எண் கூட வரும். கண் வைத்தியர் தந்த துண்டு யாரிடமாவது இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.