எபிசோட் 41: உங்க லெவல் என்ன? குல்மார்க், சோலாங், ஔலி

மறைமலை நகர்ல இருந்து, அதே மொட்டை மாடி ரூம். நடுவுல ட்ரெயின் சத்தம் கேட்டா அது செங்கல்பட்டு லோக்கல், கண்டுக்காதீங்க.

நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "ப்ரோ, ஸ்கீயிங் பண்ணதே இல்ல, இந்தியாவுல எங்க போகலாம்?" பதிலுக்கு முன்னாடி நான் பண்ண ஒரு தப்பைச் சொல்லிடுறேன்.

2023 பிப்ரவரி. ஆபீஸ் பசங்க மூணு பேர் குல்மார்க் போனோம். நீலகிரியோட உச்சி தொட்டபெட்டா, 2,637 மீட்டர். குல்மார்க்ல பஸ் நிக்கிற ஊரே சுமார் 2,650 மீட்டர். அங்கிருந்து கோண்டோலா, அதாவது ரோப் கார், ரெண்டு கட்டமா மேல போகுது. முதல் கட்டம் கொங்டோரி, சுமார் 3,100 மீட்டர். ரெண்டாவது அபர்வத் மலைத்தோள், 3,900 மீட்டருக்கும் மேல.

முதல் நாள் ஊருக்குள்ளயே இருக்க பேபி ஸ்லோப்ல கத்துக்கிட்டோம். ரெண்டு பலகையோட முன்நுனியையும் சேர்த்து, பின்பக்கத்தை விரிச்சா வேகம் குறையும். உலகம் முழுக்க இதை "பிட்சா"ன்னுதான் சொல்லிக் குடுக்குறாங்க. சாயங்காலத்துக்குள்ள விழாம இறங்கிட்டேன். அவ்ளோதான், தலைக்கனம் வந்துடுச்சு.

மறுநாள் வேற ஒரு கைடு. "எத்தனை நாள் பண்ணிருக்கீங்க?"ன்னு கேட்டார். என் அரைகுறை ஹிந்தில "நாலஞ்சு நாள்"னு சொல்லிட்டேன். உண்மை ஒண்ணரை நாள். பக்கத்துல நண்பர்கள் நிக்கும்போது அதைச் சொல்ல வாய் வரல. அவர் நம்பி கொங்டோரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். எங்களுக்கு ரெண்டாம் கட்டம் வரைக்கும் போற ஆசை இருந்துச்சு. காத்து அதிகம்னு அன்னிக்கு அதை மூடி வெச்சிருந்தாங்க, நல்லவேளை.

கொங்டோரில இருந்து ஊருக்கு இறங்குற வழி மரங்களுக்கு நடுவுல போகும். மூணாவது திருப்பத்துல பிட்சா வேலை செய்யல. நான் ஒரு பக்கம், முட்டி ஒரு பக்கம். லிகமென்ட்ல கிழிசல். ஸ்லெட்ஜ்ல படுக்க வெச்சு இறக்கினாங்க. அடுத்த ஆறு வாரம் நம்ம ஸ்டேஷன் நடைமேம்பாலத்தைக் கூட ஏற முடியல. அந்த கைடு மேல தப்பே இல்ல. டெஸ்ட் பண்ணாத கோடை டெஸ்ட் பண்ணியாச்சுன்னு சொல்லி புரொடக்‌ஷன்ல தள்ளினது நான்.

இப்ப லெவல் பத்தி. ஐரோப்பாவுல சரிவுகளுக்குக் கலர் குடுத்திருப்பாங்க. ஆஸ்திரியாவுல நீலம்னா சரிவு 25 சதவீதம் வரைக்கும், அதாவது 100 மீட்டர் முன்னாடி போனா 25 மீட்டர் இறக்கம். சிவப்பு 40 சதவீதம் வரை. கறுப்பு அதுக்கும் மேல. குல்மார்க்ல மேல போகப் போக அந்த மாதிரி பலகை பார்த்துப் போற பாதை குறைஞ்சுடும். அபர்வத்ல பெரும்பாலும் மெஷின் சமப்படுத்தாத பனிதான். அதனால உங்க லெவலை நீங்கதான் ஒழுங்கா சொல்லணும்.

முதல் தடவைன்னா மூணு வழி இருக்கு. ஒண்ணு, குல்மார்க் பேபி ஸ்லோப். மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட ஸ்கீயிங், மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் அங்கயே இருக்கு. ரெண்டு, மணாலி பக்கத்துல சோலாங். அடல் பிஹாரி வாஜ்பாய் பேர்ல இருக்க மலையேற்ற நிறுவனம் அங்க ஸ்கீயிங் கோர்ஸ் நடத்துது. மூணு, உத்தராகண்ட்ல ஔலி. 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுப் போட்டியோட ஸ்கீயிங் பகுதி அங்க நடந்துச்சு. ஜோஷிமட்ல இருந்து ஔலிக்குப் போற சுமார் 4 கிலோமீட்டர் ரோப்வேயை, 2023 ஜனவரில அந்த ஊர் நிலம் புதைய ஆரம்பிச்சப்ப நிறுத்தினாங்க. அதனால போற வழியை முன்கூட்டியே விசாரிச்சுக்கங்க.

பிட்சா இல்லாம ரெண்டு பலகையும் இணையா வெச்சுத் திரும்ப வந்தா கொங்டோரி. பல சீசன் அனுபவம், பனிச்சரிவுப் பயிற்சி, பீக்கன், நீளக் குச்சி, மண்வெட்டி, கூட வர நல்ல கைடு, இத்தனையும் இருந்தா மட்டும் அபர்வத். பனிக்குள்ள புதைஞ்சவரை முதல் 10, 15 நிமிஷத்துக்குள்ள தோண்டி எடுத்தாதான் பிழைக்க நல்ல வாய்ப்பு. அதனால கூட இருக்கவங்ககிட்டயும் அந்தச் சாமான் இருக்கணும்.

முட்டி சரியானதும் 2024 ஜனவரிக்கு டிக்கெட் போட்டேன். இந்த முறை ஒழுங்கா கத்துக்கணும்னு. ஆனா அந்த ஜனவரில குல்மார்க் காஞ்சு, பழுப்பா கிடந்துச்சு, போட்டோ பார்த்திருப்பீங்க. மாசக் கடைசிலதான் பனி விழ ஆரம்பிச்சுது. அடுத்த வருஷமும் பனி பத்தாம, கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியோட குல்மார்க் பகுதியை பிப்ரவரில இருந்து மார்ச்சுக்குத் தள்ளி வெச்சாங்க. அதனால டேட் மாத்தக்கூடிய டிக்கெட்டா போடுங்க. காசு கொஞ்சம் கூடத்தான் ஆகும்.

நான் பிப்ரவரி கடைசிக்கு மாத்தினேன். கிளம்ப சில நாள் இருக்கும்போது, 22ஆம் தேதி, அபர்வத் பக்கம் பனிச்சரிவு. ஒரு ரஷ்ய ஸ்கீயர் இறந்துட்டார், கூட இருந்தவங்களை மீட்டாங்க. அதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். போன வருஷம் காத்து மட்டும் அடிக்கலைன்னா, நான் சொன்ன பொய்யோட அதே மலை மேல நின்னிருப்பேன்.

இருந்தும் போனேன். கைடு கேட்டார். "ஒரு நாள் பண்ணேன், ரெண்டாவது நாள் முட்டி போச்சு"ன்னேன். சிரிச்சுட்டு பேபி ஸ்லோப்புக்குக் கூட்டிட்டுப் போனார். ஆறு நாள், பக்கத்துல எட்டு வயசுப் பசங்க சர்ருன்னு போக, நான் அங்கயே. ஆறாவது நாள் ரெண்டு பக்கமும் சுத்தமா திரும்ப வந்துச்சு. கொங்டோரியை கீழ இருந்து பார்த்துட்டு ஊருக்கு வந்துட்டேன்.

அதனால யார் கேட்டாலும் உங்க லெவலை ஒரு படி குறைச்சே சொல்லுங்க. அரை நாள் வீணாகும், அவ்ளோதான்.

அம்மா, நீ இதைக் கேட்டா, அந்த முட்டி பாத்ரூம்ல வழுக்கினதுல போகல. சாரி.