அச்சாணிச் சொல் மாறியபோது

இந்த இலக்கிய வரிசையில் இன்று நான் கவிஞர் ஒருவரையோ நாவல் ஒன்றையோ எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் பெயர் சாம் குக். 1950களின் முற்பகுதியில் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் மிக விரும்பிக் கேட்கப்பட்ட குரல்களில் ஒன்று அவருடையது. 1957இல் அதே குரல் காதற் பாட்டுப் பாடி அமெரிக்கா முழுவதையும் பிடித்தது. தமிழ் படிப்பிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பக்திப் பாட்டொன்றின் அச்சாணியான சொல்லைக் கழற்றி, வேறொரு சொல்லைச் செருகினால் அந்தப் பாட்டுக்கு என்ன நேர்கிறது? இந்தக் கேள்வி சாம் குக்கின் கதைக்குள் இருக்கிறது. அது இலக்கியக் கேள்விதான்.

சாம் குக் 1931ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்தில் கிளாக்ஸ்டேல் என்ற ஊரிற் பிறந்தார். தந்தையார் சபைப் போதகர். குடும்பம் சிக்காகோவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே சகோதர சகோதரிகளுடன் சேர்ந்து தேவாலயத்திற் பாடி வளர்ந்தவர், இருபது வயதை எட்டும் தறுவாயில் ‘சோல் ஸ்டிரர்ஸ்’ என்ற புகழ்பெற்ற குழுவிற் சேர்ந்தார். அக்குழுவில் அவருக்குக் கிடைத்தது ஆர். எச். ஹரிஸ் என்ற பெரும் பாடகர் விட்டுச்சென்ற இடம். அந்த இடத்தில் ஓர் இளைஞன் வந்து நிற்பது இலேசான காரியமல்ல.

இக்குழுக்களின் பாடும் முறையைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது. பல குரல்கள் சுருதி சேர்ந்து பின்னே நிற்க, தலைமைக் குரல் முன்னே வந்து பாடும். சோல் ஸ்டிரர்ஸ் குழுவிலே தலைமைக் குரல்கள் இரண்டு. ஒன்று விட்ட இடத்தில் மற்றது எடுக்கும். சபை மெல்ல மெல்லச் சூடேறும். சாம் குக்கோடு மாறிமாறிப் பாடிய போல் பொஸ்டரின் குரல் கரகரத்தது, உரத்தது. அவரோடு போட்டிபோட்டுக் கத்திப் பார்த்துப் பயனில்லை. சாம் குக் கத்தவில்லை. சொல்லின் ஈற்றுயிரை நீட்டி, வளைத்து, நெளித்து, மெதுவாக இறக்கினார். நம்முடைய சங்கீதக்காரர் சங்கதி என்று சொல்வதற்குக் கிட்டிய உறவு அது. அந்த நெளிவுதான் பின்னர் அவருடைய கையொப்பமாயிற்று.

1956இல் அவர் பாட்டொன்றை ஆக்கினார். பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கால் வருந்திய பெண் ஒருத்தி, சனக்கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் ஆடையின் ஓரத்தைத் தொட்டுச் சுகமடைந்த சுவிசேஷக் கதை அது. ஒலிப்பதிவுக்குப் போகும் வழியில், வேதாகமத்தைப் புரட்டிப் பார்த்து அதை உருவாக்கினார் என்று உடனிருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். மூன்று நிமிடத்துக்குள் கூட்டமும், அந்தப் பெண்ணின் தவிப்பும், ‘யார் என்னைத் தொட்டது’ என்ற கேள்வியும் வந்துவிடுகின்றன. நல்ல சிறுகதைக்காரனுக்குரிய சிக்கனம் அதில் இருக்கிறது. அவருடைய காதற் பாட்டுகளில் எதுவும் சொற்கட்டில் இதற்குக் கிட்ட நிற்காது என்பது என் எண்ணம்.

அதே 1956ஆம் ஆண்டின் இறுதியிலே நியூ ஓர்லியன்ஸ் நகரில் அவர் வேறொரு வகைப் பாட்டைப் பதிவுசெய்தார். சோல் ஸ்டிரர்ஸ் குழுவோடு அவர் பாடிய பாட்டொன்று இறைவனை ‘அதிசயமானவர்’ என்று போற்றுவது. ஏசாயா தீர்க்கதரிசியின் நூலில் வரும் திருநாமங்களுள் ஒன்று அது என்பதைக் கிறிஸ்தவ நேயர்கள் அறிவார்கள். இப்போது மெட்டு ஏறத்தாழ அதுவே. ஆனால் இறைவன் இருந்த இடத்தில் ஒரு பெண் வந்தாள். ‘அதிசயமானவர்’ போய், ‘அன்புக்குரியவள்’ என்ற பொருளுடைய சொல் வந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த இசைத்தட்டில் பாடியவர் பெயர் ‘டேல் குக்’ என்றிருந்தது. சபையாருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகப் புனைபெயர்! அந்தக் குரலை எந்தப் பெயருக்குள் ஒளிக்க முடியும்? கேட்டவர்கள் உடனே கண்டுகொண்டார்கள்.

இப்படிச் செய்தவர் இவர் மட்டுமல்ல. றே சாள்ஸ் 1954இலேயே ஒரு தேவாலயப் பாட்டின் மெட்டில் காதலியைப் பாடியிருந்தார். ஆனால் றே சாள்ஸ் கேளிக்கை விடுதிகளிற் பாடி வந்தவர். சாம் குக்கோ பீடத்தின் அருகில் நின்று பாடியவர். வேறுபாடு அங்கேதான்.

நம் இலக்கியத்தில் இந்தப் பயணம் எதிர்த்திசையில் நடந்தது. சங்க அகப்பாடல்களில் தலைவி தலைவனை நினைந்து உருகிய மொழியை ஆழ்வாரும் நாயன்மாரும் எடுத்து இறைவனுக்குச் சூட்டினார்கள். மாணிக்கவாசகரின் திருக்கோவையாரை அகப்பொருள் நூலாகவும் படிக்கலாம், திருவருள் நூலாகவும் படிக்கலாம். காதலின் மொழி கோயிலுக்குள் போனபோது நாம் அதை உயர்வு என்றோம். கோயிலின் மொழி காதலுக்கு வந்தால் மட்டும் இறக்கம் என்று ஏன் சொல்கிறோம்? எளிதாக விடை சொல்லிவிட முடியாத கேள்வி இது.

ஏனெனில், கோபங்கொண்ட சபையாரைக் குறுகிய மனம் படைத்தவர்கள் என்று நான் ஒதுக்கிவிட மாட்டேன். வாரத்தின் ஆறு நாளும் பிறர் வீட்டிலும் தொழிற்சாலையிலும் ‘பையா’ என்று அழைக்கப்பட்ட மனிதர்கள் அவர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கென்றே இருந்த ஒரே சொத்து அந்தப் பாட்டு. அதைச் சந்தையிலே யாரும் காசு கொடுத்து வாங்கலாம் என்று ஆகும்போது வலிக்கத்தான் செய்யும். மஹாலியா ஜக்சன் கடைசிவரை உலகியல் புளூஸ் பாட்டைப் பாட மறுத்ததும் இதனாலேதான் மதிக்கப்பட்டது.

1957இல் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளையர் பின்னணிக் குரல் கொடுத்த ஒலிப்பதிவொன்றைக் கண்டு, நிறுவன உரிமையாளர் ஆர்ட் ரூப் சினந்தார். பிணக்கு முற்றிப் பாடகரும் தயாரிப்பாளரும் வெளியேறினார்கள். ‘யூ சென்ட் மீ’ என்ற அந்தப் பாட்டைக் கீன் என்ற புதிய நிறுவனம் வெளியிட்டது. கறுப்பினத்தவர் பட்டியலிலும் பொதுப் பட்டியலிலும் அது முதலிடம் பெற்றது. பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையானது. அதன் சொற்களை எழுதிப் பார்த்தால் அரைப் பக்கம் தேறாது. ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லி உணர்ச்சியை ஏற்றும் இந்த வித்தையை அவர் எங்கே கற்றார்? தேவாலயத்திலேதான். சொல் மாறியது, சொல்லும் முறை மாறவில்லை.

பணத்துக்காகப் போனார் என்பது பாதி உண்மை. மீதிப் பாதியையும் பார்க்க வேண்டும். ஜே. டபிள்யூ. அலெக்சாண்டரோடு சேர்ந்து சொந்த இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியபோது, அவர் ஒலிப்பதிவு செய்தவர்களுள் முதல் வரிசையில் நின்றவர்கள் பழைய சோல் ஸ்டிரர்ஸ் குழுவினர். அதே நிறுவனத்தில் கிளீவ்லண்ட் நகரின் வொமக் சகோதரர்கள் ஐவரைக்கொண்டு ஒரு பக்திப் பாட்டைப் பதிவுசெய்து, 1962இல் அதையே காதற் பாட்டாக மாற்றிப் பாடவும் வைத்தார். பக்திமானான தந்தை பிள்ளைகளை வீட்டைவிட்டு வெளியேற்றினார். தான் பட்டதை இன்னொரு வீட்டிலும் உண்டாக்கிவிட்டார்.

1963 ஒக்ரோபரில் லூசியானா மாநிலத்தின் ஷ்றீவ்போர்ட் நகரில், முன்பதிவு செய்த விடுதியில் அவருக்கும் மனைவிக்கும் இடம் மறுக்கப்பட்டது. வாதாடியவரைப் பொலிஸார் கைதுசெய்தனர். அந்த ஆண்டு பொப் டிலனின் ‘புளோயிங் இன் த விண்ட்’ பாட்டைக் கேட்டபோது, இப்படி ஒன்றை எழுதியவர் தம்மவர் அல்லவே என்று அவர் வெட்கியதாகச் சொல்வார்கள். 1964 ஜனவரி 30ஆம் திகதி ‘எ சேஞ்ச் இஸ் கோனா கம்’ பதிவாயிற்று. றெனே ஹோல் அமைத்த வயலின்களும் கொம்பும் பேரிகையும் அதற்குப் பின்னணி. மாற்றம் ஒன்று வரும் என்பது பாட்டின் செய்தி. ஆனால் அதைக் கொண்டுவருபவர் யார் என்று பாட்டில் இல்லை. கடவுளின் பெயர் இல்லை. மறுமையைப் பற்றிய ஐயமொன்றும் அதிலே தொனிக்கிறது. போதகர் மகனின் வாயில் அது சாதாரணமல்ல. ஆயினும் மெட்டின் நடை, நீண்டு நெளியும் ஈற்றுயிர், துன்பத்தைச் சொல்லி நம்பிக்கையில் முடியும் பத்தி அமைப்பு எல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சபைக்குரியவை. இப்போது அச்சாணிச் சொல்லின் இடமே வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. கேட்பவர் தத்தம் சொல்லை அங்கே வைத்துக்கொள்கிறார்.

அப்பாட்டு தனி இசைத்தட்டாக வெளிவந்ததை அவர் காணவில்லை. 1964 டிசம்பர் 11ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் விடுதியொன்றிலே சுடப்பட்டு இறந்தார். வயது முப்பத்துமூன்று. அதே மாதம் 22ஆம் திகதி, ஆட்டப் பாட்டொன்றின் மறுபக்கத்தில், அது இசைத்தட்டாக வந்தது. கறுப்பினத்தவர் நகரின் நடுவே நின்றால் விரட்டப்படுவதைச் சொல்லும் அடிகளை அதில் வெட்டிவிட்டார்கள்.

மூன்று ஆண்டுகளின் பின், 1967இல், இன்னொரு போதகரின் மகள் அதைப் பாடினார். அரீதா பிராங்க்ளின். அவரும் பீடத்தருகிலிருந்து மேடைக்கு வந்தவர். மூலப் பாட்டில் இல்லாத ஒரு தொடக்கத்தை அவர் சேர்த்துக்கொண்டார். பழைய நண்பர் ஒருவர் முன்பு சொல்லக் கேட்டது என்று, பெயர் சொல்லாமல், பாட்டை அவரிடமே ஒப்படைத்துவிட்டுப் பாடத் தொடங்குகிறார். பியானோவையும் அவரே வாசிக்கிறார், தேவாலயத்தில் வாசிப்பது போலவே.