வீட்டுச் செடியில் மாவுப்பூச்சி
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதிலிருந்து)



வாசல் செம்பருத்தியில் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையாக இருக்குமே, அது மாவுப்பூச்சிங்க. செடியின் சாறை உறிஞ்சும். அது கழிக்கிற இனிப்புத் தண்ணிக்கு எறும்பு வரும், இலையில் கரும்பூசணம் படரும். செடியில் எறும்பு ஊர்ந்தாலே இலையைத் திருப்பிப் பாருங்க.

2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகத் தெரிந்தது நம்ம கோயம்புத்தூரில்தானுங்க. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடலை. மேலே மெழுகு மூடியிருப்பதால் மருந்துக்கும் அடங்கலை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குட்டிக் குளவியை வரவழைத்தாங்க. வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிட்டு, அந்தக் குளவிதான் அதை அடக்கியது.

கடும் விஷம் அடித்தால் நமக்கு உதவுகிற குளவியும் பொறிவண்டும் சேர்ந்து செத்துப்போகும். கறிவேப்பிலையும் துளசியும் நம்ம பிள்ளைங்க வாய்க்குப் போகிற இலையாச்சே!

என்ன செய்யலாம்? அதிகம் பிடித்த கிளையை வெட்டி எரிச்சிடுங்க. மிச்சத்தில் தண்ணியை வேகமாகப் பீய்ச்சுங்க. பிறகு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிங்க. வாரம் ஒருமுறை, மூணு வாரம் செய்யுங்க. தொட்டியடியில் எறும்பு கூடு கட்ட விடாதீங்க. நர்சரியில் வாங்கின புதுச் செடியை இரண்டு வாரம் தனியாக வையுங்க.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒவ்வொரு தொட்டியிலும் இலையைத் திருப்பிப் பாருங்க. மருந்துக்கடைக்குப் போகிற காசு நம்ம சேமிப்பில் சேரட்டும்.