கடைசி ஒப்புதல் யார் கையில்?



தம் நாட்டு அரசியலமைப்பை மாற்றி எழுத நம் காலத்தில் இரண்டு நாட்டு மக்கள் முனைந்தார்கள். ஐஸ்லாந்து மக்கள் புதிய வரைவுக்கு இசைவு தந்தார்கள். சிலி மக்கள் இருமுறை மறுத்தார்கள். இந்த இரண்டில் மக்களாட்சி எங்கே கூடுதலாக மலர்ந்தது என்பதே இன்றைய உரையின் பொருள்.

2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் சில நாட்களுக்குள் சரிந்தன. ரெய்க்யவிக் நகரில் மக்கள் சட்டிபானைகளைத் தட்டியபடி நாடாளுமன்றத்தை முற்றுகையிட்டார்கள். 1944-இல் ஏற்ற அரசியலமைப்பு பெரிதும் டென்மார்க் மன்னர் காலத்து ஏற்பாடு. அதை மாற்ற வேண்டும் என்ற குரல் வலுத்தது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏறக்குறைய 950 குடிமக்கள் 2010-இல் கூடி அடிப்படை நெறிகளை வகுத்தார்கள். அடுத்து 25 பேர் கொண்ட குழு, எழுத எழுத வரைவை இணையத்தில் வெளியிட்டு, மக்கள் கருத்தைக் கேட்டே 2011-இல் பணியை முடித்தது. 2012 அக்டோபர் பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதை ஆதரித்தார்கள். தனியார் உடைமையாகாத இயற்கை வளங்கள் நாட்டுக்கே சொந்தம் என்ற விதிக்கு ஆதரவு இன்னும் அதிகம்.

அந்த வரைவு இன்றுவரை சட்டமாகவில்லை. வாக்கெடுப்பு வெறும் ஆலோசனை. திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திடமே இருந்தது. ஒரு நாடாளுமன்றம் நிறைவேற்றிக் கலைந்து, தேர்தலுக்குப் பின் வரும் அடுத்த நாடாளுமன்றமும் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. 2013-இல் முதல் படியே தாண்டப்படவில்லை. அதிகாரத்துக்கு வரம்பு கட்டும் சட்டம், அதிகாரத்தில் இருப்போரின் தயவை நம்பி நின்றது. காவலுக்குப் போட்ட வேலியின் சாவி, மேயும் ஆட்டிடமே இருந்தது.

சிலியில் பினோசேயின் ராணுவ ஆட்சி தந்த 1980-ஆம் ஆண்டு அரசியலமைப்பு. அதை மாற்ற 2020-இல் 78 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். 155 பேர் கொண்ட பேரவையில் ஆண், பெண் சமநிலை இருந்தது. பழங்குடிகளுக்கு 17 இடங்கள். முதல் தலைவர் மாபுச்சே இனப் பேராசிரியை எலிசா லோன்கோன். ஆயினும் அந்த வரைவை 2022-இல் 62 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். வலதுசாரிகள் மேலோங்கிய அவை தந்த இரண்டாம் வரைவும் 2023-இல் தோற்றது.

மாற்றத்தை விரும்பிய எனக்கு இந்த முடிவு வலிக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்: ஐஸ்லாந்தில் கிடப்பில் போடப்பட்ட இசைவைவிட, சிலியில் செல்லுபடியான மறுப்பே முழுமையான மக்களாட்சி. அங்கே இடதுக்கும் வலதுக்கும் மேல் நின்று தீர்ப்புச் சொன்னவர்கள் வாக்காளர்கள். சிறுபான்மையினரின் அடிப்படை உரிமைகளில் பெரும்பான்மை வாக்கு கை வைக்காதபடி வரம்பு கட்டாயம் வேண்டும். அந்த வரம்புக்குள் முடிவு மக்களுடையதாகவே இருக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, அரசியலமைப்பை மாற்றுவோம் என்று எவர் வந்தாலும், வரைவைப் படிப்பதற்கு முன் கடைசி ஒப்புதல் யார் கையில் என்று கேளுங்கள். அது மக்கள் கையில் இல்லையென்றால், முதலில் அந்த உரிமையை எழுதி வாங்குங்கள்.