அடுத்த வீட்டுக் குடமும் நம் ஒளூவும்

(நமது அறக்கட்டளையின் சார்பில் நடந்த மஹல்லா குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தண்ணீரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். அது எல்லோரும் கேட்டுச் சலித்த பேச்சு. இன்று நான் பேச வந்தது, தண்ணீரில் அடுத்தவருக்கு இருக்கும் ஹக்கைப் பற்றி.

சென்னையில் நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளிடம் கேட்டால், "மெட்ரோ வாட்டர்" என்று சொல்வார்கள். 1978-ல் அமைக்கப்பட்ட சென்னைக் குடிநீர் வாரியத்தைத்தான் அப்படிச் சொல்கிறோம். வாரியம் தண்ணீரை உண்டாக்குவதில்லை, கொண்டுவந்து சேர்க்கிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் மழையை நம்பி நிற்பவை. ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து கிருஷ்ணா நீர் கால்வாய் வழியாகப் பூண்டிக்கு வருகிறது. கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் வருகிறது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரின் உப்பைப் பிரித்து, நிறைய மின்சாரம் செலவழித்துக் குடிநீராக்குகிறார்கள். இத்தனை தூரம் கடந்து வந்த தண்ணீர்தான் நம் வீட்டு வாளியில் வழிந்து ஓடுகிறது.

2019 கோடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏரிகள் வறண்டு தரை தெரிந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்குச் சுமார் 25 லட்சம் லிட்டர். நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. அந்தக் கணக்கில் ரயில் நிறைய வந்த தண்ணீர் சுமார் 18,500 பேருக்கு ஒரு நாள் தேவை. அவ்வளவுதான். அன்று குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும்.

சகோதரர்களே, இப்போது கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். தெருக் குழாயில் தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில் சில வீடுகளில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது. தரைத் தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரை நான் சொல்லவில்லை, அதில் தவறில்லை. வாரியத்தின் குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுவதைச் சொல்கிறேன். வாரியம் இதைத் தடை செய்திருக்கிறது.

இதில் இரண்டு தீங்கு உண்டு. முதலாவது, தெருவுக்கென்று வரும் தண்ணீர் ஓர் அளவுதான். நாம் இழுத்தால் தெருக்கோடி வீட்டின் அடிபம்பில் காற்றுதான் வரும். அங்கே இருப்பவர் வயதான ஒரு விதவையாக இருக்கலாம், மோட்டார் வாங்க வசதியில்லாத குடும்பமாக இருக்கலாம். இரண்டாவது, நம் ஊரில் குழாயில் எந்நேரமும் தண்ணீர் இருப்பதில்லை. பூமிக்குள் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. மோட்டார் உறிஞ்சும்போது, இணைப்பில் சிறு விரிசல் இருந்தாலும் வெளியே தேங்கிய அழுக்கு உள்ளே இழுக்கப்படுகிறது. அதைக் குடிக்கும் குழந்தைக்கு வாந்திபேதி, மஞ்சள் காமாலை, டைஃபாய்டு வரும். அந்தக் குழந்தை நம் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம்.

மதீனாவில் ரூமா என்ற கிணறு இருந்தது. அதன் தண்ணீர் விலைக்கு விற்கப்பட்டது. உஸ்மான் (ரலி) அவர்கள் சொந்தப் பணத்தில் அதை வாங்கி மக்களுக்காக வக்ஃபு செய்தார்கள். வாங்கிய பிறகு அதில் தமக்கென்று தனிப் பங்கு வைத்துக்கொள்ளவில்லை. மற்றவர்களின் வாளிகளோடு தம் வாளியும் ஒரு வாளி என்றே இருந்தார்கள். விலை கொடுத்து வாங்கியவரே அப்படி இருந்தார் என்றால், பொதுக் குழாயில் மோட்டார் மாட்டுகிற நாம் எந்த இடத்தில் நிற்கிறோம்? தண்ணீர், புல், நெருப்பு மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் வருகிறது. அல்லாஹ்வின் ஹக்கில் நாம் தவறினால் தவ்பா செய்யலாம். அடியார்களின் ஹக்கில் தவறினால் அந்த அடியாரும் மன்னிக்க வேண்டும். தெருவில் எத்தனை வீட்டு வாசலில் போய் நாம் மன்னிப்புக் கேட்க முடியும்?

அடுத்தது ஒளூ. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவுத் தண்ணீரில் ஒளூ செய்தார்கள், ஒரு 'ஸாவு' முதல் ஐந்து 'முத்து' வரையிலான தண்ணீரில் குளித்தார்கள் என்று புகாரி, முஸ்லிம் நூல்களில் காண்கிறோம். நடுத்தர ஆள் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு ஒரு முத்து. நான்கு முத்து ஒரு ஸாவு. மத்ஹபுகளின் கணக்கில் சற்றுக் கூடக் குறைய இருந்தாலும், ஒரு முத்து என்பது ஒரு லிட்டரை ஒட்டித்தான் நிற்கும்.

நாம் குழாயைத் திறந்துவிட்டு, சட்டைக் கையை மடித்து, பக்கத்தில் இருப்பவருக்கு ஸலாம் சொல்லி, பிறகு முகம் கழுவுகிறோம். ஒருநாள் குழாய்க்கு அடியில் வாளி வைத்து ஒளூ செய்து பாருங்கள். ஆறு லிட்டர் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் முடித்தால் ஐந்து லிட்டர் மிச்சம். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஐந்து வக்துக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 125 லிட்டர். மாதத்துக்கு 3,750 லிட்டர். இரண்டு மாதம் சேர்ந்தால் 6,000 லிட்டர் லாரி ஒன்றையே மிஞ்சிவிடுகிறது. தண்ணீர் வீணாகிறது என்று வீட்டுப் பெண்களைக் கடிந்துகொள்ளும் ஆண்கள், பள்ளிவாசல் குழாயடியில் தங்கள் கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் ஒளூவில் விரயம் கூடாது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உண்டு. நாம் ஆற்றங்கரையிலும் இல்லை.

மீட்டர் இல்லாத வீட்டுக்கு மாதக் கட்டணம் எவ்வளவு செலவழித்தாலும் ஒன்றுதான். அதனால் வீணாவது பையைக் கடிப்பதில்லை. நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாயில் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. ஒரு குடத்துக்கு மேல் போகும். அதை நிறுத்த ஒரு வாஷர் போதும்.

இந்த வாரமே செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறேன். ஒளூவுக்கு ஒரு சொம்பு வையுங்கள். குழாயில் செய்வதென்றால் நூல் போல் திறந்து, இடையிடையே மூடுங்கள். மேல்தொட்டி நிரம்பி வழிந்தால் மிதவை வால்வை மாற்றுங்கள். ஆர்.ஓ. மெஷின் தள்ளும் தண்ணீரைப் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்துங்கள். அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். பிடித்து வைக்கும் டிரம்மை இறுக மூடுங்கள். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தரைத் தொட்டியையும் மேல்தொட்டியையும் அவ்வப்போது கழுவுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் அந்தக் குழி மண் அடைத்துக் கிடக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் தூர் எடுங்கள். கடலோரப் பகுதியில் மழைநீரை உள்ளே விடாமல் போர் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால் உப்புநீர்தான் மேலே வரும்.

தண்ணீர் கலங்கலாக, நாற்றத்தோடு வந்தாலும், தெருவில் குழாய் உடைந்து ஓடினாலும் 1916 என்ற எண்ணில் வாரியத்துக்குப் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். சரியாகும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். வேறு வீட்டார் சொல்வார்கள் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டால் யாருமே சொல்லாமல் போய்விடும்.

முத்தவல்லிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒளூ செய்து வடியும் தண்ணீர் மறுபடி ஒளூவுக்கு உதவாது. ஆனால் செடிக்கும் கழிவறைக்கும் உதவும். அதைச் சாக்கடையில் விடாமல் ஒரு தொட்டிக்குத் திருப்பலாம். பழைய குழாய்களுக்குப் பதிலாக அழுத்தினால் திறந்து தானாக மூடும் குழாய்களைப் போடலாம். செலவை ஏற்க விரும்புவோருக்கு அது சதகத்துல் ஜாரியா.

தெருக் குழாயில் மோட்டார் மாட்டியிருப்பவர் யாரேனும் இங்கே இருந்தால், உங்களை நான் பெயர் சொல்லி அழைக்கப் போவதில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் கழற்றிவிடுங்கள். நாளைக் காலை தெருக்கோடி வீட்டில் தண்ணீர் ஏறுகிறதா என்று போய் விசாரியுங்கள். அந்த வீட்டார் செய்யும் துஆ உங்களுக்குக் கிடைக்கட்டும். அல்லாஹ் நம் ஊருக்குப் பயனுள்ள மழையைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.