பாலில் தங்கும் மருந்து

(மணலூர்பேட்டையில் சுற்றுவட்டார ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் கறவை மாடு வளர்ப்போரும் கூடிய கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



உறை ஊற்றிய பால் சில நாட்களில் தோயாமற் போவதைத் தாய்மார்கள் கண்டிருப்பீர்கள். உறைமோர் நன்றாயில்லை என்பீர்கள். தை மாதத்துக் குளிர் என்பீர்கள். அவை மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பாலைத் தந்த பசுவுக்கு மடிநோய் கண்டு, முந்திய நாள் ஊசி போட்டிருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. பாலைத் தயிராக்குபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். மடியிலுள்ள நோய்க்கிருமியைக் கொல்லச் செலுத்திய பென்சிலின் போன்ற மருந்து பாலோடு இறங்கி வந்து, இந்த நல்ல நுண்ணுயிர்களையும் வளரவொட்டாமல் தடுத்துவிடுகிறது.

பரிசோதனைச் சாலையில் செய்யும் முதற் சோதனையும் நமது அடுக்களைச் சோதனையைப் போன்றதே. சிறு குப்பியிலுள்ள கூழில் ஒருவகை நுண்ணுயிரையும் ஊதாநிறச் சாயத்தையும் சேர்த்து வைத்திருப்பார்கள். அதில் சில துளி பாலை விட்டு, 64 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் வைப்பார்கள். பால் தூயதாயின் நுண்ணுயிர் பெருகிப் புளிப்பை உண்டாக்கும். ஊதா மஞ்சளாக மாறும். மருந்து இருந்தால் ஊதா ஊதாவாகவே நின்றுவிடும். சில நிமிடங்களில் கோடு காட்டும் தாள் பட்டைகளும் இப்போது உள்ளன. எந்த மருந்து, எவ்வளவு என்று திட்டமாக அறிய வேண்டுமானால் பெரிய கருவிகள் வேண்டும். அவை நகரங்களில்தான் இருக்கின்றன. பால் நன்றாகத் தோய்ந்துவிட்டது என்பதனால் அதில் மருந்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நாம் நாடும் அளவு அவ்வளவு நுண்ணியது.

எவ்வளவு நுண்ணியது? ஒரு கிலோ பாலில் பென்சிலின் 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரையறை. கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரே கிராம் பென்சிலின், இரண்டரை லட்சம் கிலோ பாலை அந்த எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்தும். ஊசி போட்ட ஒரு பசுவின் பால் சங்கத்துக் கேனில் விழுந்தால், அந்தக் கேனில் ஊற்றிய அத்தனை வீட்டுப் பாலும் அதனோடு சேர்ந்து பழியேற்கிறது. காய்ச்சினாலும் மருந்து முழுவதும் போவதில்லை. பென்சிலின் ஒவ்வாத மனிதருக்கு அது தீங்கு செய்யக்கூடும். கிருமிகளோ சிறிது சிறிதாக மருந்துக்குப் பழகி, நாளை நம் குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போது அதே மருந்தை ஏளனம் செய்யும்.

சட்டம் இதற்கு ஒரு வழி வகுத்திருக்கிறது. 2012ஆம் ஆண்டில் மருந்து விதிகளில் செய்த திருத்தத்தின்படி, உணவு தரும் கால்நடைகளுக்கான மருந்தின் சீட்டில், மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலையும் முட்டையையும் இறைச்சியையும் விலக்க வேண்டும் என்று அச்சிட வேண்டும். நாள் குறிக்கப்படாவிடின் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள்.

நாளொன்றுக்குப் பத்து லிட்டர் கறக்கும் பசுவுக்கு ஏழு நாள் என்றால் எழுபது லிட்டர். அதைக் கொட்டிவிடு என்று மாதச் சம்பளக்காரனாகிய நான் மேடையிலிருந்து சொல்வது எளிது. பசுவின் கடனைப் பால் பணத்தில் அடைக்கும் குடும்பத்திற்கு அது எளிதன்று. மறைத்து ஊற்றுகிறவர் அனைவரும் கெட்ட எண்ணத்தினால் அப்படிச் செய்வதாக நான் கருதவில்லை. ஆகவே நட்டத்தை ஒரு வீட்டின் தலையில் கட்டாமல், சங்கத்தில் லிட்டருக்குச் சில காசு ஒதுக்கி, உண்மையைச் சொல்லிப் பாலை நிறுத்துகிறவருக்கு ஒரு பகுதியேனும் ஈடு செய்ய முடியுமா என்று உறுப்பினர்கள் ஆலோசிக்க வேண்டும். மருந்து போட்டது முதலில் தெரிவது பரிசோதனைச் சாலைக்கன்று, மாட்டுக்காரருக்குத்தான். ஊசி போட்ட நாளையும் பாலை மீண்டும் ஊற்றலாகும் நாளையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பசுவின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டுங்கள். அதைக் கடைசியில் தனிப் பாத்திரத்தில் கறவுங்கள். அந்தப் பாலைக் கன்றுக்கு ஊட்டுவதும் நல்லதன்று.

மடிநோயே வராமற் பார்ப்பது இன்னும் மேல். கை கழுவிக் கறப்பதும், கறந்தவுடன் பசு படுத்துவிடாதபடி சிறிது தீனி போடுவதும் செலவில்லாத காரியங்கள். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, நீர்க்கக் கரைத்து, மடியில் நாளுக்குப் பத்து முறை பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மூலிகை ஆராய்ச்சியாளர்கள் பரப்பி வருகின்றனர். நோய் தொடங்கும்போதே செய்தால் பல பசுக்களுக்கு ஊசி தேவைப்படாது. மடி கல்லாய் இறுகிக் காய்ச்சலும் கண்டுவிட்டால் மருத்துவரை அழைக்கத் தாமதிக்க வேண்டாம்.

ஊசியைப் பற்றி இவ்வளவு பேசினேன். தீவனத்தின் வழியாகவும் கேடு வருகிறது. கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்கென்று கலந்து வந்த கோலிஸ்டின் என்ற மருந்தை, மனிதருக்குக் கடைசிப் புகலான மருந்துகளில் ஒன்று என்பதால், மத்திய அரசு 2019 ஜூலையில் உணவுக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. நம் மாநிலத்துக்கு அதனினும் நெருங்கியது பூஞ்சண நஞ்சு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 77இல் மருந்து எச்சம் வரம்பை மீறியிருந்தது. 368இல் அஃப்லடாக்சின் மீறியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 அவ்வாறிருந்தன. எண்ணிக்கையில் மற்ற மாநிலங்களினும் இதுவே அதிகம். ஈரத்தில் கிடந்த கடலைப் பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பூக்கும் பூஞ்சணம் இந்நஞ்சைச் செய்கிறது. பசு தின்றால் உருமாறிப் பாலில் இறங்குகிறது. 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோதுதான், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் உலகம் இதை முதன்முதலாக அடையாளம் கண்டது.

பிண்ணாக்கு மூட்டையைத் தரையில் போடாமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். பூஞ்சணம் பூத்ததை வெயிலில் காயவைத்துப் போடலாம் என்று எண்ண வேண்டாம். பூ உதிரும், நஞ்சு நிற்கும். ஐயம் உண்டானால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்பலாம். மேலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பினால் பயனில்லை. பூஞ்சணம் மூட்டையில் ஓரிடத்தில் கூடியிருக்கும். மேலும் நடுவும் அடியுமாகப் பல மூட்டைகளிலிருந்து எடுத்து, நன்றாகக் கலந்து, அதில் ஒரு பங்கை உலர்ந்த பையில் கட்டி அனுப்புங்கள்.