மலிவுத் துவக்கின் மதிப்பு



வன்னிநாட்டில் நந்திக்கடலின் ஓரமாக அமைந்த ஊர் வற்றாப்பளை. வைகாசி மாதத்திலே கண்ணகி அம்மன் கோயிற் பொங்கலுக்கு மக்கள் திரளும்போது அவ்வூரின் பெயர் எல்லோர் வாயிலும் வழங்கும். மார்கழி, தை மாதத்து இரவுகளில் அவ்வூரையும் அதன் அயற் கிராமங்களையும் நினைப்பவர் மிகச் சிலரே. காலபோக நெற்கதிர் பால்பிடிக்கும் காலம் அது. வயலோரக் காவற்கொட்டிலிலே கமக்காரன் விழித்திருப்பான். காட்டுப்பன்றிக் கூட்டம் ஓரிரவு உட்புகுந்தாற் போதும். மாதக்கணக்கான உழைப்பும், கடன்பட்டு வாங்கிய விதையும் உரமும் சேற்றோடு சேறாகிவிடும்.

இத்தகைய இரவுகளிலேதான் அவனுக்குத் துவக்கின் நினைவு வருகின்றது. கையிலோ பணம் அதிகமில்லை. ஆகவே அவன் கேட்கும் கேள்விகள் இரண்டு. "விலை என்ன?" என்பது ஒன்று. "தவறாமல் வெடிக்குமா?" என்பது மற்றொன்று. அமெரிக்க நாட்டுப் பெருநகரங்களில், தன்னியக்கமாகத் தோட்டா ஏறும் மலிவான கைத்துப்பாக்கியொன்றை வாங்கக் கடைக்குச் செல்பவனும் இதே இரண்டு கேள்விகளைத்தான் கேட்கின்றான். இவ்விரு கேள்விகளும் நியாயமானவையே. ஆயினும் இவை போதுமானவையா என்பதே ஆராயத்தக்கது.

முதலிற் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். தோட்டா வெடிக்கும்போது குண்டு முன்னே பாய்கின்றது. அவ்வெடிப்பின் எதிருதைப்பு துப்பாக்கியின் மேலோட்டைப் பின்னே தள்ளுகின்றது. வெற்றுக்கூடு வெளியே வீசப்படுகின்றது. பின்சென்ற மேலோட்டைச் சுருள்வில் ஒன்று மீண்டும் முன்னே செலுத்த, அடுத்த தோட்டா தானாகவே குழலில் ஏறிவிடுகின்றது. சுடுபவன் செய்யவேண்டியது ஒவ்வொரு முறையும் விசையை இழுப்பதே. இத்தனை அசைவுகளும் கண்ணிமைப்பொழுதில் நிகழ வேண்டியிருப்பதால், ஒன்று பிசகினாலும் தோட்டா சிக்கிக்கொள்ளும். ஆகையால் "நம்பத்தக்கதா?" என்ற கேள்வி இக்கருவி பிறந்த நாள்தொட்டே அதனோடு பிறந்தது.

1911ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஜான் பிரவுணிங் என்பார் அமைத்த கைத்துப்பாக்கியொன்றை அமெரிக்கப் படையினர் சோதித்தனர். அது 6000 தோட்டாக்களை ஒரு முறையேனும் சிக்காமற் சுட்டுத் தீர்த்தது. அம்மாதத்திலேயே படை அதனை ஏற்றது; 1985 வரை அதுவே அந்நாட்டுப் படையின் முதன்மைக் கைத்துப்பாக்கியாக விளங்கியது. 1982இல் ஆஸ்திரியப் படை ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கியை அமைத்த கஸ்டன் கிளொக், அதற்குமுன் திரைச்சீலைக் கம்பிகளும் கத்திகளும் செய்து விற்றவர். உடற்சட்டத்தைப் பிளாஸ்டிக்கினால் ஆக்கி, உறுப்புகளின் தொகையைக் குறைத்து, செலவையும் குறைத்தார். குறைந்த செலவிற் செய்த கருவி நம்பத்தகாததாகத்தான் இருக்கவேண்டும் என்னும் எண்ணத்தை அவருடைய ஆக்கம் பொய்யாக்கியது. மலிவு என்பது தன்னளவிற் குற்றமன்று.

ஆனால் மலிவுக்கு மற்றொரு முகமும் உண்டு. 1968ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் தரங்குறைந்த சிறு கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியைச் சட்டத்தினாலே தடுத்தது. வெளியிலிருந்து வருவது நின்றதும் உள்நாட்டிலேயே அவற்றைச் செய்யத் தொடங்கினர். நாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்த அவை மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. அவற்றுள் ஒருவகையில், பாதுகாப்பு விசையை நீக்கினாலன்றி உள்ளேயிருக்கும் தோட்டாவை வெளியே எடுக்கமுடியாது. அஃதாவது, துப்பாக்கியை வெறுமையாக்க விரும்புபவன் முதலில் அதைச் சுடுவதற்கு ஆயத்தமாக்க வேண்டும்! 1994ஆம் ஆண்டு கலிபோர்னியாவில், ஆபத்து வேண்டாமென்று தோட்டாவை அகற்ற முயன்ற ஒருவரின் கையிலே அது வெடித்தது. அருகிலிருந்த 7 வயதுச் சிறுவன் கழுத்துக்குக் கீழே உணர்விழந்தான். 2003இல் நீதிமன்ற நடுவர்குழு அதைச் செய்து விற்றோரையும் பொறுப்பாளிகளாகக் கண்டது.

அந்தத் துப்பாக்கி வெடிக்கத் தவறியதன்று. வெடிக்கக்கூடாத வேளையில் வெடித்தது. வாங்கியவர் கேட்க மறந்த மூன்றாவது கேள்வி இங்கேதான் எழுகின்றது. "வேண்டும்போது வெடிக்குமா?" என்று கேட்பதோடு, "வேண்டாதபோது வெடியாமல் இருக்குமா?" என்றும் கேட்டாக வேண்டும். நம்பகம் என்பது இவ்விரண்டும் சேர்ந்ததே. ஒரு காவல்நாய் கள்வனைக் கண்டு குரைத்தால் மட்டும் போதாது. வீட்டுப் பிள்ளையைக் கடியாமலும் இருக்க வேண்டும்.

இனி வன்னிக்கு மீள்வோம். கமக்காரனுக்குக் கைத்துப்பாக்கியால் ஆவது ஒன்றுமில்லை. இருளில், தூரத்தில் ஓடும் பன்றியைக் குறுகிய குழலாற் குறிவைப்பது அரிது. பயிர்ப் பாதுகாப்புக்கு உரியது நெடுங்குழல் வேட்டைத் துவக்கே. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலக் கட்டளைச் சட்டத்தின்படி அதற்கு அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். உரிய காலத்திற் புதுப்பிக்கவும் வேண்டும். துவக்கின் விலையும், தோட்டாவின் விலையும், கந்தோருக்கு அலையும் நாட்களும் சேர்ந்து ஏழைக்கு எட்டாத தொகையாகின்றன.

அதற்கு அடுத்த படியில் இருப்பது இடியன் துவக்கு. குழலின் வாய்வழியாக வெடிமருந்தைப் போட்டு, தும்பை அடைத்து, சன்னத்தை இட்டு, கோலால் இடித்து இறுக்குவதனால் அப்பெயர் பெற்றது. வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த மருந்து மாரிக்காலத்து ஈரத்தை உறிஞ்சிவிடும்; பன்றி எதிரே நிற்கும்போது துவக்கு ஊமையாகிவிடும். ஒருமுறை சுட்டபின் மறுமுறை ஆயத்தமாக்குவதற்குள் பன்றி காடேறிவிடும். நம்பகத்தின் முதற்பாதியில் அது தோற்றுப்போகின்றது. ஆயினும் அதன் விசையை இழுப்பது ஒரு மனிதனின் விரல். அவ்விரலுக்குப் பின்னே இரண்டு கண்கள் இருக்கின்றன.

எல்லாவற்றிலும் மலிவானது கட்டுத்துவக்கு. ஒரு நீர்க்குழாய்த் துண்டும், சிறிது மரமும், ஒரு விசையும் இருந்தால் அது உருவாகிவிடும். விலங்கு வரும் தடத்தருகே இரண்டு முளைகளில் அதைக் கட்டி, தடத்துக்குக் குறுக்கே மெல்லிய கம்பியை இழுத்துவிடுவர். கட்டியவன் வீட்டில் உறங்கலாம். கம்பியில் எது பட்டாலும் அது வெடிக்கும். தோட்டா வேண்டாம், விழிப்பு வேண்டாம், குறிபார்க்கும் திறமையும் வேண்டாம். விலையையும் வெடிக்கும் உறுதியையும் மட்டும் பார்த்தால் இதனை வெல்லும் துவக்கு உலகிலேயே இல்லை எனலாம்.

ஆனால் அந்தக் கம்பிக்குப் பன்றியின் காலும் மனிதனின் காலும் ஒன்றே. விறகு பொறுக்கப் போனவர், தேன் எடுக்கப் போனவர், பட்டிக்குத் திரும்பாத மாட்டைத் தேடிப் போனவர் ஆகியோரே இதற்கு இரையாகின்றனர். பன்றியின் உயரத்துக்கு வைக்கப்படுவதனாற் சன்னம் மனிதனின் முழங்காலையும் அதன் கீழுள்ள பகுதியையும் சிதைக்கின்றது. எலும்பு நொறுங்குவதோடு, மருந்துக்கரியும் தும்பும் உடுதுணியும் காயத்தினுள்ளே புகுந்து புண்ணை அழுகச் செய்கின்றன. அடர்காட்டில் விழுந்தவரைத் தோளிற் சுமந்து தெருவுக்குக் கொணர்ந்து, மருத்துவமனை சேர்ப்பதற்குள் குருதி வடிந்துவிடும். உயிர் தப்பியும் காலை இழந்தோர் பலர். இலங்கையின் உலர்வலய மாவட்டங்களிற் கடமையாற்றும் மருத்துவர்கள் இக்காயங்களை ஆண்டுக்கணக்காகக் கண்டு எழுதி வந்திருக்கின்றனர்.

கட்டியவன் தீயவனல்லன். "தம்பி, அந்தப் பக்கம் போகாதே, கம்பி கட்டியிருக்கு" என்று அயலவர்க்கெல்லாம் சொல்லியும் வைப்பான். ஆனால் ஊருக்குப் புதிதாய் வந்த உறவினனுக்கு அதை யார் சொல்வது? சொல்ல மறந்த ஒரு நாள் போதும். சிலவேளை தான் கட்டிய கம்பியிலே தானே இடறியவனும் உண்டு.

இவ்வகைக் கருவியின் இயல்பை வன்னி மக்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் நந்திக்கடற் பக்கத்திலேயே போர் முடிவுற்றது. மீளக் குடியேறியவர்கள் பற்றை மூடிய தம் வயல்களுக்குள் உடனே இறங்க முடியவில்லை. மிதிவெடி அகற்றுவோர் அங்குலம் அங்குலமாக மண்ணைத் துழாவி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். மிதிப்பவன் போர்வீரனா, பள்ளிப் பிள்ளையா என்று மிதிவெடி கேட்பதில்லை. இக்காரணத்தினாலேயே 1997இல் உலக நாடுகள் பல கூடி, ஆட்களைக் கொல்லும் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் உடன்பாட்டை ஆக்கின. இலங்கையும் 2017ஆம் ஆண்டு டிசம்பரில் அதில் இணைந்தது. கட்டுத்துவக்கு அந்த மிதிவெடியின் ஏழை உறவு. அரசுகள் வேண்டாமென்று கைவிட்ட முறையைக் கமக்காரன் தன் வேலியோரத்தில் வைத்திருப்பது பொருந்துமா?

"அப்படியானால் பயிரை எப்படிக் காப்பது?" என்று அவன் கேட்பான். அக்கேள்வியைத் தட்டிக்கழித்து அறம் மட்டும் உரைப்பது நேர்மையாகாது. பொதுவழங்கல் மின்சாரத்தை நேரே கம்பியில் ஏற்றுவது கட்டுத்துவக்கிலும் கொடியது. அதற்கும் மனித உயிர்கள் பலியாகியுள்ளன. முறையாக அமைத்த மின்வேலியோ துடிப்புத் துடிப்பாக மின்னை விடுகின்றது. தொட்டவன் அதிர்ந்து விலகுவான், உயிர் போகாது. தவறு நேர்ந்தால் அதைத் திருத்திக்கொள்ள இடம் வைக்கும் கருவியே நம்பத்தக்க கருவி. தனியொருவனுக்கு அதன் செலவு அதிகம். ஒரு வெளியின் கமக்காரர் அனைவரும் கமக்காரர் அமைப்பின் வழியே கூடினால் அச்செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். அனுமதி பெற்ற துவக்கு ஒன்றும், முறைவைத்துக் காவலிருக்கும் ஆட்களும் ஒரு வெளி முழுவதற்கும் உதவும். இவற்றுக்கு அரசாங்கம் கைகொடுப்பதும் கடனேயாகும். காவலிருக்க வழியற்றவனே கட்டுத்துவக்கை நாடுகின்றான் என்பதை ஆளுவோர் மறத்தலாகாது.

துவக்கின் விலையைக் கணக்கிடுபவன் குழாய்க்கும் மருந்துக்கும் கொடுத்த பணத்தோடு கணக்கை மூடிவிடலாகாது. ஒருவன் இழக்கும் காலும், அவன் வீட்டில் நின்றுபோகும் உழைப்பும், இரு குடும்பங்களுக்கிடையே தலைமுறை தாண்டி நிற்கும் பகையும் அதே கணக்கேட்டில் எழுதப்பட வேண்டியவை. எழுதிக் கூட்டிப் பார்த்தால், மலிவென்று எண்ணியது எத்துணை விலையுயர்ந்தது என்பது விளங்கும்.

வற்றாப்பளையிற் கோயில் கொண்டிருப்பவள் கண்ணகி. மதுரையை எரித்த பின்னர் அவள் ஈழத்துக்கு வந்து தங்கிய பத்தாவது இடமே வற்றாப்பளை என்பது அவ்வூரார் வழிவழியாகக் கூறும் வரலாறு. ஆராயாது இட்ட ஆணையினாலே கணவனை இழந்தவள் அவள். அத்துணைச் சினத்தோடு நகருக்குத் தீயிட்டபோதும், முதியோரையும் குழந்தைகளையும் பசுக்களையும் தீண்டாதே என்று அத்தீக்குக் கட்டளையிட்டாள் எனச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. அவள் ஏவிய தீக்கும் ஆளறிந்து விலகும் கடமை இருந்தது. கட்டுத்துவக்குக்கு அது இல்லை. அவள் சந்நிதியில் பொங்கலிடும் கமக்காரன், வீடு திரும்பியதும் தன் வயலோரத்துக் கம்பியை அவிழ்த்துவிடுவானாயின், அம்மனுக்கு அதைவிடப் பெரிய நேர்த்தி வேறு வேண்டியதில்லை.